உகந்துடைமை என்னும் சொல்

(பத்மநாபபுரத்தில் நவராத்திரி விழாவையொட்டி நடைபெற்ற நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் கோட்டைக்குள் வீற்றிருக்கும் தேவாரக்கட்டுச் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன்வரத் திருவனந்தபுரம் சென்று, நவராத்திரிக் கொலு முடித்து, மீண்டு எழுந்தருளிய மறுவாரம் இக்கூட்டம் நடைபெறுகின்றது. இத்திருமேனி கம்பர் வழிபட்டது என்று நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்தனர். அதற்குச் செப்பேடு உண்டோ, கல்வெட்டு உண்டோ என்று கேட்பார்க்கு விடை கூற யான் வரவில்லை. சொல்லைப் பற்றிப் பேசப் புகுந்தவன் இவ்வூரிற் கம்பரை நினையாமல் வாய் திறத்தல் ஆகாது என்பதற்காகவே அதனைக் குறித்தேன்.

செயலாளர் அவர்கள் எனக்கு விதித்த பொருள், மேடைப் பேச்சிலும் இலக்கியத்திலும் சொல்லானது கேட்பாரைத் தன்வயப்படுத்துமாறு யாங்ஙனம் என்பது. இப்பொருள் பற்றித் திருவள்ளுவர் சொல்வன்மை என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். யவன நாட்டு அரிஸ்டாட்டில் என்னும் அறிஞர் இதற்கென ஒரு நூலே இயற்றி, பேசுவோனுடைய ஒழுக்கம், கேட்போருடைய மனநிலை, எடுத்துக்காட்டும் நியாயம் என மூன்றனையும் விரித்துரைத்தார். அவற்றையெல்லாம் ஈண்டு விரிக்கின் உங்கள் வீட்டு இரவுச் சோறு ஆறிப்போகும். ஆதலின் நம் நாஞ்சில் நாட்டுச் சொல் ஒன்றையும், நம்மவர் ஒருவர் இயற்றிய நூல் ஒன்றையும், என் வீட்டில் நிகழ்ந்த செய்தி ஒன்றையும் மட்டும் எடுத்துக்கொள்கின்றேன்.

முதலிற் கம்பர். இராமனுக்கு முடிசூட்டு விழா என்று மந்தரை வந்து சொன்னபோது கைகேயி வெகுளவில்லை. மகிழ்ந்து, சொன்னவளுக்கு மாலை ஒன்றைப் பரிசாக அளித்தாள். இராமனையும் தன் மகனாகவே எண்ணியிருந்த தாய் அவள். பரதனுக்கு அநீதி என்று மந்தரை எடுத்துரைத்த வாதங்கள் முதலிற் சென்று தைக்கவில்லை. பின்னர் அவள் வேறொரு வழியிற் புகுந்தாள். உன்னை நாடி வறியவர் வந்து கையேந்தினால் நீ என் செய்வாய், கோசலையிடம் சென்று இரந்து வாங்கியன்றோ கொடுக்க வேண்டும் என்னும் கருத்துப்படப் பேசினாள். அதுகாறும் கொடுப்பவளாய்த் தன்னைக் கண்டிருந்த அரசி, இரப்பவளாய்த் தன்னைக் காணத் தொடங்கினாள். அயோத்தியில் அந்நேரம் ஒரு பொருளும் கை மாறவில்லை. கருவூலம் இருந்தவாறே இருந்தது. கொடுப்போர் யார், ஏற்போர் யார் என்னும் எண்ணம் ஒன்றே மாறிற்று. அதன் பயனாக ஓர் அரசன் உயிர் நீத்தான். ஒருவன் பதினான்கு ஆண்டு காடு புகுந்தான்.

இதனை நினைவில் வைத்துக்கொண்டு நம் ஊர்க்கு வருவோம்.

நாம் அமர்ந்திருக்கும் இவ்விடத்திற்குக் கூப்பிடு தொலைவில் உள்ள அரண்மனையில் அரசரின் மகன் அரசனாதல் இல்லை. உடன்பிறந்தாள் மகனே முடி பெறுவான். 1729-இல் மார்த்தாண்ட வர்மர் பட்டம் எய்தியபோது முன்னை அரசரின் மக்களாகிய தம்பிமார்க்கும் அவர்க்கும் மூண்ட பகையை நீங்கள் அறிவீர்கள். அவ்வழக்கம் அரண்மனை மதிலுக்குள் நில்லாமல் நம் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. பாண்டி நாட்டுத் தமிழ் வேளாளர்க்கு மக்கள் வழியாக இருக்க, நாஞ்சில் நாட்டு வேளாளராகிய நமக்கு மட்டும் மருமக்கள் வழி எவ்வாறு வந்தது என்பது பற்றிப் பலரும் பலவாறு கூறுவர். எவ்வாறு வந்ததாயினும், வந்தபின் அது சில சொற்களைத் துணைக்கொண்டே நிலைத்தது. வீட்டுத் தலைவனைக் 'காரணவர்' என்றோம். எல்லாவற்றிற்கும் காரணம் அவரே என்று பெயரிலேயே ஒப்புக்கொண்டுவிட்ட பிறகு எதிர்நின்று வினவுவார் யார்?

அச்சொற்களுள் தலையாயது 'உகந்துடைமை'. ஒருவன் இறந்தால் அவன் உடைமை அவன் உடன்பிறந்தாள் மக்களுக்குச் செல்லும். பெற்ற மக்களுக்குச் செல்வது ஒரு சிறு பங்கு. அதற்கு இட்ட பெயரே உகந்துடைமை. இளைஞர்கள் பலர் இச்சொல்லைக் கேட்டிரார். தமிழாசிரியன் என்னும் உரிமையால் சிறிது இலக்கணம் கூறுகின்றேன், பொறுத்தருள்க. உகத்தல் என்பது மகிழ்தல், விரும்புதல். உகந்து அளித்த உடைமை என இது விரியும். உகந்தவர் யார்? தந்தை. இத்தொடரின் எழுவாய் அவரே. பெற்றுக்கொண்ட மக்கள் உகந்தார்களா, அது அவர்களுக்குப் போதுமா என்பதற்கு இச்சொல்லில் இடமே இல்லை. தந்தை ஏதோ மனமகிழ்ந்து இட்டார், நீ கைநீட்டி வாங்கினாய், அவ்வளவே. தன் தந்தை உழுத வயலில் ஒரு மகனுக்கு உள்ள தொடர்பை உரிமை என்று சொல்லியிருந்தால், ஏன் இவ்வளவு குறைவு என்று அவன் கேட்டிருப்பான். உகப்பு என்று சொல்லிவிட்டமையால் அவன் நன்றி சொல்ல வேண்டியவன் ஆனான்.

என் தந்தையாரைப் பெற்ற ஆச்சி தம் எண்பதாம் வயதில் எனக்கு ஒரு நிகழ்ச்சி கூறினார். அவருடைய தகப்பனார் இறந்தபோது அவருக்கு ஆறு அல்லது ஏழு வயது. பதினாறாம் நாள் அடியந்திரம் கழிந்த மறுநாட் காலை, அவர் தாயார் மூன்று பிள்ளைகளோடு பிறந்தகம் செல்லப் புறப்பட்டார். மாமனார் வீட்டார் ஓர் உருளியும் இரண்டு செம்புகளும் திண்ணையில் எடுத்து வைத்தனராம். நிலத்தைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம் என்றனராம். தாயார் அவற்றைக் குனிந்து எடுத்தபோது, அருகிருந்த முதியவள் ஒருத்தி, "உகந்து தாறாவ, ரெண்டு கையாலயும் வாங்கு" என்றாளாம். எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் ஆச்சிக்கு உருளியின் அளவு மறந்துபோயிற்று; அந்த 'உகந்து' மறக்கவில்லை. வண்டியேறிய பிறகு தாயார் அந்தச் செம்பில் ஒன்றை வழியில் ஓடிய கால்வாயில் எறிந்துவிட்டார் என்றும் ஆச்சி கூறினார். ஏன் ஒன்றை மட்டும் எறிந்தார் என்று யான் கேட்டேன். "மத்தது வேணும்லா?" என்றார்.

இந்நிலையை மாற்றப் பலர் முயன்றனர். திருவிதாங்கூர் அரசாங்கம் 1908-ஆம் ஆண்டளவில் மருமக்கள் தாயம் பற்றி ஆராய ஒரு குழுவை ஏற்படுத்தியது. நம்மவரும் கூட்டங்கள் கூட்டினர், விண்ணப்பங்கள் எழுதினர். அவ்விண்ணப்பங்களின் நடையை நீங்கள் எளிதில் ஊகித்துக்கொள்ளலாம்: இன்ன காரணங்களால் இவ்வழக்கம் கேடு பயக்கின்றது, ஆதலின் சமுகம் கருணைகூர்ந்து ஆவன செய்தல் வேண்டும். அரிஸ்டாட்டில் கூறிய மூன்றனுள் நியாயம் என்பது அவற்றில் நிறைய இருந்தது. ஆனால் அங்கும் உரிமை கேட்கப்படவில்லை, கருணையே கேட்கப்பட்டது.

இக்காலத்தேதான் தேரூரிற் பிறந்த ஓர் ஆசிரியர், 'தமிழன்' என்னும் இதழில் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்னும் தொடரை எழுதினார். அவரே நம் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் (1876–1954). முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. இன்று கவிமணி என்றவுடன் குழந்தைப் பாடல்களையும் உமர் கய்யாமையும் ஆசிய ஜோதியையும் நினைக்கின்றோம். பள்ளிப் பாடநூலில் வைத்துப் பாராட்டுகின்றோம். அவர் கல்வெட்டாராய்ச்சியிலும் வல்லவர். காந்தளூர்ச் சாலை பற்றி நூல் எழுதியவர். பழைய ஆவணங்களின் சொற்களைத் துருவித் துருவிப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. இதனை ஏன் சொல்கின்றேன் எனின், மான்மியத்தின் வெற்றி முழுதும் சொற்களின் மேலாடையைப் பற்றி இழுத்ததில் இருக்கின்றது.

மான்மியம் என்பது மாகாத்மியம். தலங்களின் பெருமையைக் கூறும் புராணத்திற்குரிய பெயர். அதனை மருமக்கள் வழிக்குச் சூட்டினார். பெயரைக் கேட்டவுடன் காரணவர்கள் தம் வழக்கத்தின் பெருமையைத்தான் பாடப்போகின்றார் என்று திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பர். உள்ளே படலப் பெயர்களைப் பாருங்கள். கம்பராமாயணத்துப் பாலகாண்டத்தில், சனகனுக்கு விசுவாமித்திரர் சூரிய குலத்தின் பெருமையை எடுத்துரைக்கும் பகுதிக்குக் குலமுறை கிளத்து படலம் என்று பெயர். அதே பெயரை நம்மவர் ஒரு காரணவர் வீட்டுக் கதைக்கு வைத்தார். அரசியற் படலம் என்பதும் கம்பரிடம் உண்டு. இவர் மாமி அரசியற் படலம் என்றார். நாகாஸ்திரம், கருடாஸ்திரம் எல்லாம் வருகின்றன. ஆயின் போர் நடப்பது இலங்கையில் இல்லை. கோடேறிக் குடிமுடித்த படலம் என ஒன்று. கோடு என்றது நீதிமன்றத்தை. வழக்காடி வழக்காடிக் குடி முடிந்த கதையை இதனினும் சுருங்கச் சொல்ல இயலுமோ என்று யான் பலகாலும் வியந்ததுண்டு. கும்பியெரிச்சற் படலம் என மற்றொன்று. அதற்கு உரை வேண்டா.

இப்பெயர்களைக் கேட்டுச் சிரித்தவர், சிரித்த பின்னரே தாம் சிரித்தது தம் வீட்டைப் பார்த்து என்று உணர்ந்திருப்பர். தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டினுள் நகையை முதலிலும் அழுகையை அதனையடுத்தும் வைத்தார். அம்முறைக்கு உரையாசிரியர்கள் காரணம் காட்டுவர். எனக்கோ மான்மியத்தைப் படித்த பிறகே அவ்வடைவு விளங்கிற்று. அழப்போகின்றோம் என்று தெரிந்தால் மனிதன் காதைப் பொத்திக்கொள்வான். சிரிக்க வந்தவன் காதைத் திறந்துகொண்டு வருகின்றான்.

எனினும் அந்நூலின் உயிர்நிலை இவ்வங்கதத்தில் இல்லை. பேசுவது யார் என்பதில் இருக்கின்றது. கவிமணி தாம் முன்வந்து பேசவில்லை. பல மனைவியரை மணந்த ஒரு காரணவருடைய ஐந்தாம் மனைவியின் வாயில் கதை முழுவதையும் வைத்தார். அக்காலத்து நாஞ்சில் நாட்டில் அவையேறிப் பேசும் தகுதி சிறிதும் இல்லாதவள் அவள். அவள் சாத்திரம் பேசவில்லை. அடுக்களையும், மாமியின் ஏச்சும், நாத்தூண் மக்களின் அதட்டலும், தன் மக்களின் பசியுமே அவள் சான்றுகள்.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையிற் கண்ணகி பேசினாளே எனலாம். கண்ணகியின் கையில் ஒரு சிலம்பு இருந்தது. உடைத்தவுடன் மாணிக்கப் பரல் தெறித்தது. அரசன் அப்பொழுதே தீர்ப்புரைத்துத் தன் உயிரையும் விட்டான். ஐந்தாம் மனைவியின் கையில் உடைத்துக் காட்ட ஒன்றும் இல்லை. அவளுக்கு எதிரே பாண்டியனும் இல்லை. மடியில் வெற்றிலைச் செல்லத்தை வைத்துக்கொண்டு, இவள் எப்போது முடிப்பாள் என்று பார்க்கும் காரணவர்களே இருந்தனர். ஆதலால் அவள் நெடுநேரம் பேச வேண்டியதாயிற்று. நாள்தோறும் நடந்ததை நடந்தவாறே சொல்லிக்கொண்டு போகின்றாள். கேட்கக் கேட்க, இவளுக்கு இவர்கள் கொடுத்தது ஒன்றும் இல்லை, இவளே இவ்வீட்டிற்கு உடலும் உழைப்பும் மக்களும் கொடுத்தவள் என்பது நமக்கு விளங்குகின்றது. உகந்துடைமை என்னும் சொல்லில் எழுவாயாய் நின்ற தந்தை மெல்ல விலக, அவ்விடத்தில் இவள் வந்து நிற்கின்றாள். அவள் பேசி முடித்த பின்பு அச்சொல்லைக் கூசாமல் சொல்ல ஒருவராலும் முடிந்திராது.

கொல்லம் 1101-இல், அஃதாவது 1926-இல், நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது. மக்கள் தம் தந்தையின் உடைமைக்கு உரியவராயினர். மான்மியமே இச்சட்டத்தைக் கொண்டுவந்தது என்று மேடைதோறும் சொல்லுகின்றோம். அது மிகை என்பது என் கருத்து. நாயர் சமூகத்திற்கும் ஈழவ சமூகத்திற்கும் அதற்கு முந்திய ஆண்டாகிய 1925-இலேயே சட்டங்கள் வந்துவிட்டன. அங்கு மான்மியம் பாடியவர் இலர். வழக்குகள் பெருகின, கற்றவர் வெளியூர் சென்று சம்பாதித்தனர், தாம் சம்பாதித்தது தம் மக்களுக்கு வேண்டும் என்றனர். சட்டம் எவ்வாறும் வந்திருக்கும். ஆயின் சட்டம் வந்தபோது நம் வீடுகளிற் பெரும்பாலோர் அதனை இழப்பாகக் கருதாமல் ஒருவகை வெட்கத்தோடு ஏற்றுக்கொண்டதற்கு அந்த ஐந்தாம் மனைவி காரணம் என்று கூறினால் யான் மறுக்கமாட்டேன்.

இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் முதலில் எண்ணியிருந்தேன். இச்சொற்பொழிவுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது என் தமக்கையார் தோவாளைப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார். மான்மியத்தைப் பற்றிப் பேசப் போகின்றேன் என்று அவரிடம் கூறினேன். "நீ பேசினால் நல்லாத்தான் இருக்கும், எனக்குத் தெரியாதா?" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தந்தையார் காலமானார். ஒரு வீடும் பத்து மரக்கால் விதைப்பாடு வயலும் விட்டுச் சென்றார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் அவற்றில் ஒத்த பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுமைக்கும் 2005-இலும் வந்த திருத்தங்களால், மூதாதையர் சொத்திலும் மகள் பிறப்பினாலேயே உரிமை பெற்றாள். இவற்றையெல்லாம் யான் அறிவேன், வகுப்பிலும் சொல்லியிருக்கின்றேன். பதினாறாம் நாள் கழிந்தபின், உறவினர் சிலர் சூழ இருக்கத் தமக்கையாரிடம் யானே பேசினேன். யான் சொன்னவை இவை: "அக்கா, உனக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் அப்பா குறைவில்லாமற் செய்துவிட்டார். இந்த வீட்டு வாசல் உனக்கு என்றும் திறந்தே இருக்கும். பிறந்த வீட்டுச் சீர் ஒருநாளும் குறையாது."

இம்மூன்று வாக்கியங்களையும் ஓர் ஆசிரியன் மாணவனின் கட்டுரையைத் திருத்துவது போல இப்போது திருத்திப் பார்க்கின்றேன். முதல் வாக்கியத்தில், திருமணத்திற் செய்த செலவு என்பது கடன் தீர்த்த கணக்கு ஆயிற்று. இரண்டாவதுதான் கொடியது. வாசல் திறந்திருக்கும் என்று யாரிடம் சொல்வோம்? விருந்தினரிடம். வீட்டுக்கு உரியவர்களிடம் ஒருவரும் அவ்வாறு சொல்வதில்லை. அவருக்குப் பாதி உரிமையுள்ள வீட்டில், ஒரு வாக்கியத்தால் அவரை விருந்தாளி ஆக்கினேன். மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை பொங்கற்படி கொடுக்கும் கையாக என்னை உயர்த்திற்று. என் குரல் அன்று தழுதழுத்தது, அது நடிப்பன்று. உண்மையான கண்ணீரோடு பேசியமையால்தான் அது அவ்வளவு எளிதிற் பலித்தது. மந்தரைக்கும் கைகேயியிடம் அன்பு இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

தமக்கையார் ஒன்றும் மறுத்துரைக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்திற்கு வந்து கையெழுத்திட்டார். அப்பத்திரத்திற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். உரிமையை விட்டுக்கொடுத்தவர் அவர். ஆனால் விடுதலை என்று பெயர். யாருக்கு எதிலிருந்து விடுதலை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. பத்திர எழுத்தர் வாசகத்தை உரக்கப் படித்தார். பிறர் தூண்டுதலின்றி மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொடுத்தது என்பது வழக்கமான சொற்றொடர். அதனை அவர் படித்தபோது, தூண்டியவன் பக்கத்து நாற்காலியிலேதான் அமர்ந்திருந்தேன்.

இவ்வவையில் உள்ள தாய்மார்களுள் எத்தனை பேர் அத்தகைய பத்திரத்திற் கையெழுத்திட்டிருக்கின்றீர்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஆண்மக்கள் தம்முள் நினைத்துக்கொள்ளலாம். மனமுவந்து விட்டுக்கொடுத்த சகோதரிகளும் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆயினும் மனமுவந்தாரா என்பதை அவர்கள் வாயாற் சொல்லக் கேட்டவர் நம்முள் மிகச் சிலரே. பெரும்பாலும் நாமே சொல்லி, நாமே கேட்டுக்கொண்டோம்.

மறுநாட் காலை தமக்கையாரிடம் என் எண்ணத்தைக் கூறினேன். அவர் பங்கைத் திரும்ப எழுதித் தந்துவிடுகின்றேன் என்றேன். அவர் சிறிதுநேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "இப்பம் இதையும் பேசி என்னைச் சம்மதிக்க வைக்கப் போறியா?" என்றார். அதற்கு விடை கூறத் தமிழ் இலக்கணத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எழுந்து தக்கலைக்குச் சென்று பத்திர எழுத்தரைக் கண்டேன்.

அவர் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, "பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டது, செலவு குறைவாக முடிய வேண்டுமானால் தானசெட்டில்மெண்டு எழுதுவதுதான் வழி" என்றார். அதன் மாதிரிப் படிவம் ஒன்றையும் காட்டினார். சகோதரியின் மேலுள்ள அன்பினாலும் பாசத்தினாலும் மனமுவந்து தானமாகக் கொடுத்தது என்று அதில் இருந்தது. படித்தவுடன் ஆச்சியின் உருளியும் செம்பும் என் கண்முன் வந்தன. தானம் என்ற சொல்லும் உவந்து என்ற சொல்லும் இல்லாமல் எழுத முடியாதா என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்து, "சார், தமிழ் வாத்தியாருக்கெல்லாம் பத்திரம் எழுதினால் இதுதான் தொல்லை" என்றார்.

தைத் திங்களில் நாள் குறித்திருக்கின்றோம். தமக்கையார் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றார். வாசகத்தைத் தாம் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து என்றும் சொல்லியிருக்கின்றார். இவ்வவையில் வழக்கறிஞர் எவரேனும் இருப்பின், அவர் பங்கை அவருடைய பங்கு என்றே எழுதிப் பதிவு செய்ய வழியுண்டா என்பதைக் கூட்டம் முடிந்ததும் எனக்குச் சொல்லி உதவுமாறு வேண்டுகின்றேன்.